ஸ்ட்ரேஃபிங்: ஒரு சொல்லும் அதுக்குப் பின்னால நிக்கிற ஆளும்

வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டி, 1942ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பத்திரிகைகளைக் கொஞ்ச நாளாக வாசிச்சுக்கொண்டிருக்கிறன். இங்கத்தைய தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில போட்டு வைச்சிருக்கு. அதனால மெல்பேர்ண் குளிருக்கு வெளிய போகாமல் அறைக்குள்ள இருந்தே வாசிக்கலாம். அப்பிடி வாசிக்கேக்க திரும்பத் திரும்பக் கண்ணில பட்ட சொல்தான் 'ஸ்ட்ரேஃபிங்'.

விமானம் தாழப் பறந்து வந்து, கீழ இருக்கிறவையை இயந்திரத் துப்பாக்கியால சுட்டுக்கொண்டு போறதுக்கு ஆங்கிலத்தில உள்ள பெயர் இது. குண்டு போடுறது வேற, இது வேற. குண்டு போடுறவன் மேகத்துக்கு மேல நிண்டும் போடலாம். இது தாழ வந்து, குறி பார்த்துச் செய்யிற வேலை.

சரி, உந்தச் சொல் எங்கயிருந்து வந்தது? அது ஆங்கிலமே இல்லை, ஜேர்மன் மொழி. 1914 இல் முதலாம் உலகப்போர் துவங்கினவுடன ஜேர்மனியில ஒரு சுலோகம் பரவினது. 'கடவுள் இங்கிலாந்தைத் தண்டிக்கட்டும்' என்பது அதன் பொருள். எர்ன்ஸ்ட் லிஸ்ஸவர் என்ற கவிஞர் உருவாக்கினதாகச் சொல்லுவினம். தபாலட்டையிலும் அச்சடிச்சினம், ஆளையாள் காணேக்க வணக்கம் மாதிரியும் சொல்லிக்கொண்டினம். அதில வாற 'தண்டித்தல்' என்ற வினைச்சொல்தான் 'ஷ்ட்ராஃபன்'.

எதிர்ப்பக்கம் பதுங்குகுழிகளுக்குள்ள கிடந்த பிரித்தானியச் சிப்பாய்கள் இதைப் பகிடியாக்கிப் போட்டினம். விடியக்காலமை ஷெல் விழுந்தால் அது 'காலை ஸ்ட்ராஃப்'. மேலதிகாரியிட்ட ஏச்சு வாங்கினாலும் ஸ்ட்ராஃப்தான். போகப் போக அந்தச் சொல் விமானத்தோட ஒட்டிக்கொண்டது. பகிடி மறைஞ்சு போச்சு. 'தண்டனை' எண்ட பொருளும் மறந்து போச்சு.

இதில ஒரு விசித்திரமும் இருக்கு. பிரித்தானியத் தளபதி வில்லியம் கொட் என்பவரின் குடும்பப் பெயர் ஜேர்மன் மொழியில 'கடவுள்' என்று பொருள்படும். அந்தச் சுலோகத்தை வைச்சே அவருக்கு 'ஸ்ட்ரேஃபர்' எண்டு பட்டம் தெளிச்சிருந்தினம். வட ஆபிரிக்காவில எட்டாவது இராணுவத்துக்குத் தலைமை தாங்க சேர்ச்சில் அவரைத் தெரிவு செய்தார். 1942 ஓகஸ்ட் 7 அன்று கெய்ரோவுக்குப் போகேக்க ஜேர்மன் விமானங்கள் அவற்றை விமானத்தைச் சுட்டு இறக்கின. இறங்கின பிறகும் விடேல்லை, தரையில கிடந்த விமானத்தையும் சுட்டன. கொட் அதில இறந்து போனார். அந்தப் பதவி பிறகு மொன்ற்கொமரிக்குப் போனது.

இனி அவுஸ்திரேலியாவுக்கு வருவம். 1942 மார்ச் 3, மேற்குக் கரையில புறூம் எண்ட சின்னத் துறைமுகம். ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள், தண்ணியில மிதந்துகொண்டிருந்த பறக்கும் படகுகளுக்குள்ள இருந்தினம். பெண்கள், குழந்தையள் கனபேர். திமோர்ப் பக்கத்திலயிருந்து யப்பானின்ர ஸீரோ விமானங்கள் ஒன்பது வந்தன. ஒரு குண்டும் போடேல்லை, துப்பாக்கியால சுட்டது மட்டும்தான். குறைஞ்சது 88 பேர் இறந்தினம். கடல் நல்லா வத்துற நாட்களில அந்த விமானங்களின்ர எலும்புக்கூடுகள் இண்டைக்கும் தெரியும்.

சரியா ஒரு வருசம் கழிச்சு, 1943 மார்ச் 3, நியூகினிக்கு அருகில பிஸ்மார்க் கடல். இந்த முறை சுட்டது அவுஸ்திரேலியரும் அமெரிக்கரும். லே துறைமுகத்துக்குப் படைகளை ஏத்திக்கொண்டு வந்த யப்பானின்ர எட்டுத் துருப்புக் கப்பல்களும் தாண்டன. அவுஸ்திரேலிய விமானத்துக்குள்ள நிண்டு டேமியன் பாரர் அதைப் படம் பிடிச்சார். அதோட முடியேல்லை. அடுத்தடுத்த நாட்களில, மிதவைகளிலும் உயிர்காப்புப் படகுகளிலும் தத்தளிச்ச யப்பானியரையும் நேச நாட்டு விமானங்களும் ரோந்துப் படகுகளும் சுட்டன. கரை சேர்ந்தால் திரும்பவும் சண்டைக்கு வருவினம் என்பது அதுக்குச் சொன்ன காரணம். ரெண்டு மார்ச் மூண்டு, ஆனால் ரெண்டுக்கும் ஒரே சொல்.

எங்கட பக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கு. 1942 பெப்ரவரி 19 அன்று டார்வினைத் தாக்கின விமானங்களுக்குத் தலைமை தாங்கின மிட்சுவோ ஃபுசிடாதான், ஏப்ரல் 5 இல் கொழும்புக்கும் 9 இல் திருகோணமலைக்கும் வந்தவர். பிறகு 1987 ஒக்டோபரில இந்திய விமானப்படையின்ர தாக்குதல் ஹெலிகொப்டர்கள் யாழ்ப்பாணத்துக்கு மேல. 1990 ஜூனுக்குப் பிறகு இலங்கை விமானப்படையின்ர ஹெலி, சியாமாசெட்டி, அவ்ரோ. அதுக்கும் பிறகு புக்காரா, கிபிர். பிஞ்சுக் குழந்தைகூடச் சத்தத்தை வைச்சே எது வருகுதெண்டு சொல்லும்.

இதில நான் கவனிச்ச ஒரு விசயம். எங்கட சனத்திட்ட 'ஸ்ட்ரேஃபிங்' எண்ட சொல் இருந்ததில்லை. அம்மா அந்தக் காலத்தைச் சொல்லேக்க "ஹெலிக்காரன் சுட்டவன்" எண்டுதான் சொல்லுவா. "பொம்பர்க்காரன் பதிஞ்சு போட்டிட்டுப் போட்டான்" எண்டுவா. வினைமுற்றைப் பாருங்கோ, சுட்ட'வன்', போட்'டான்'. இயந்திரத்துக்குள்ள ஒரு ஆள் இருக்கிறான் எண்டதை எங்கட பேச்சு ஒருநாளும் மறக்கேல்லை. ஆங்கிலச் சொல்லில தண்டனை ஒளிஞ்சு கிடக்கு, ஆனால் தண்டிச்சவன் இல்லை. 'அந்தப் பகுதி ஸ்ட்ரேஃப் செய்யப்பட்டது' எண்டு எழுதினால் வசனம் முடிஞ்சுது. ஆர் செய்தது, ஆருக்குச் செய்தது எண்டு சொல்லவே தேவையில்லை.

எங்கட செய்தித் தமிழும் அதே வழியிலதான் போகுது. 'வான்வழித் தாக்குதல் இடம்பெற்றது' எண்டு எழுதுறம். மழை பெய்தது மாதிரி அதுவும் தன்பாட்டில 'இடம்பெறும்'.

அதனால இதுக்கொரு கலைச்சொல் தேவையெண்டு எனக்குத் தோன்றேல்லை. 'இன்ன படையின் விமானிகள் தாழப் பறந்து, இன்னாரைச் சுட்டார்கள்' எண்டு எழுதினால் காணும். நாலு சொல் கூடத்தான், ஆனால் ஆள் தப்ப ஏலாது. புறூமுக்கும் பிஸ்மார்க் கடலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அந்த ஒரே வசனம் பொருந்தும்.

உங்கட ஊரில, உங்கட வீட்டில இதை எப்பிடிச் சொல்லுவினம்? தெரிஞ்சவை பின்னூட்டத்தில எழுதுங்கோ. அந்தச் சொற்களையும் ஆராவது சேர்த்து வைக்கத்தானே வேணும்.