மோதாத துகள்களின் கொந்தளிப்பு

சூரியக் காற்றின் சரித்திரத்தை எழுதுபவர்கள் 1958ஐ விட்டு நகரமாட்டார்கள். சூரியனின் வெளிமண்டலம் அசையாமல் நிற்க முடியாது, விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்ந்தாக வேண்டும் என்று சிகாகோவில் யூஜீன் பார்க்கர் கணக்கிட்டு எழுதிய கட்டுரையை 'அஸ்ட்ரோஃபிஸிகல் ஜர்னல்' பத்திரிகையின் மதிப்பீட்டாளர்கள் இருவருமே நிராகரித்தார்கள். ஆசிரியர் எஸ். சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்து உவப்பாக இல்லை. ஆனால் கணிதத்தில் ஒரு பிழையையும் யாரும் காட்டவில்லை என்பதால் கட்டுரையை அச்சேற்றினார். தனக்கு உவப்பில்லாததைத் தன் பக்கங்களில் அனுமதிக்கும் இந்த ஆசிரிய நேர்மை நம் சிறுபத்திரிகைகளில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது என்று கேட்டுவிட்டு மேலே போகிறேன். 1962ல் மாரினர் 2 வெள்ளிக் கிரகத்துக்குப் போகும் வழியில் அந்தக் காற்றை அளந்தது. கதையை இத்துடன் முடித்துவிடுவது வழக்கம். எனக்கோ அதற்குப் பிறகு வந்த சிக்கல்தான் முக்கியமாகப் படுகிறது.

பார்க்கர் சூரியக் காற்றை ஒரு திரவமாகப் பாவித்தார். திரவம் என்றால் துகள்கள் ஓயாமல் மோதிக்கொள்ள வேண்டும். பூமிக்கருகே சூரியக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தோ பத்தோ புரோட்டான்கள். ஒன்று மற்றொன்றோடு மோதுமுன் கடக்கிற தூரம், ஏறக்குறைய சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீட்டர். மோதலே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். இதைப் பிடித்துக்கொண்டு, துகள்கள் தனித்தனியே ஆவியாகிப் போவதாகக் கணக்கிட்ட ஜோசப் சேம்பர்லெய்ன், வீசுவது விநாடிக்கு 20 கிலோமீட்டர் அளவிலான மென்காற்றுதான் என்று 1960ஐ ஒட்டி வாதிட்டார். துகளை நம்பியவர் தோற்றார். திரவம் என்ற பொய்யைக் கைக்கொண்டவர் ஜெயித்தார். காந்தப்புலம் துகள்களைக் கட்டிப்போடுகிறது, அலைகள் அவற்றைச் சிதறடிக்கின்றன, ஆகவே மோதலின் வேலையில் பாதியை இவை செய்துவிடுகின்றன என்று இன்று விளக்கம் தருகிறார்கள்.

மீதிப் பாதி என்ன ஆயிற்று? 1968ல் பால் கோல்மன், விண்கலம் அனுப்பிய அளவுகளைக் கொண்டு, இந்தக் காற்று கொந்தளிப்பானது என்றார். 1971ல் பெல்ச்சரும் டேவிஸும், இல்லை, பெரும்பாலும் சூரியனிலிருந்து வெளியே செல்லும் ஆல்ஃப்வென் அலைகள்தாம் என்றார்கள். இரு தரப்பும் வேறு வேறு அளவில் சரி. கொந்தளிப்பில் பெரிய சுழல் உடைந்து சிறிய சுழலாகும், அது மேலும் உடையும். இதன் கணக்கை கோல்மகோரவ் 1941ல் தந்தார். நதியில் இந்தச் சங்கிலியின் கடைசியில் பிசுக்குமை இருக்கிறது. அதாவது மோதல். அங்கே இயக்கம் சூடாகி அடங்கும். சூரியக் காற்றில் பத்து லட்சம் கிலோமீட்டர் சுழல் உடைந்து உடைந்து புரோட்டான் வட்டமடிக்கும் நூறு கிலோமீட்டருக்கும், எலெக்ட்ரானின் ஓரிரு கிலோமீட்டருக்கும் வந்து சேர்கிறது. அங்கே அடக்குவதற்கு ஒருவருமில்லை. இருந்தும் சூடு உண்டாகிறது. 1970களில் ஏவப்பட்ட ஹீலியோஸ், வாயேஜர் கலங்களின் அளவுகளில், விரியும் காற்று ஆறவேண்டிய அளவுக்கு ஆறவில்லை.

மோதலற்ற பிளாஸ்மாவுக்கு வ்லாஸோவ் 1938ல் எழுதிய சமன்பாடு இருக்கிறது. 1946ல் லாண்டாவ் அதிலிருந்து ஒரு விசித்திரத்தை எடுத்தார்: அலை, தன் வேகத்திலேயே உடன் ஓடும் துகள்களுக்குத் தன் சக்தியைக் கொடுத்துவிட்டு மங்கிவிடும். ஆனால் வ்லாஸோவின் சமன்பாட்டில் எதுவும் மறக்கப்படுவதில்லை. மங்கிய அலை, துகள்களின் வேகங்களில் நுண்ணிய மடிப்புகளாக ஒளிந்திருக்கும். சூடு என்பதோ மறதி. மறக்கத் தெரியாத ஒன்று எப்படிச் சூடாகும்?

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. 1959ல் ஆஸ்கர் புனெமன், 1962ல் ஜான் டாஸன். டாஸனின் பிளாஸ்மா ஒரே பரிமாணம் கொண்டது. மின்னேற்றத் தகடுகளின் வரிசை. அந்த ஏழ்மையான உலகத்துக்குள் லாண்டாவின் மங்கலை அவர் கண்டார். மால்ம்பெர்க்கும் வார்ட்டனும் பரிசோதனைக்கூடத்தில் அதைக் காட்டியது 1964ல்தான். நிஜத்துக்கு முன்பே போலி அதைச் சொல்லிவிட்டது.

போலி என்பதை வசையாகச் சொல்லவில்லை. எலெக்ட்ரானைப் போல் 1836 மடங்கு கனமான புரோட்டானைக் கம்ப்யூட்டர் தாங்காது என்று 25 மடங்கு, 100 மடங்கு எனக் குறைக்கிறார்கள். ஒளியின் வேகத்தைக் குறைக்கிறார்கள். எண்ணற்ற துகள்களுக்கு ஒரு பிரதிநிதித் துகளை வைக்கிறார்கள். துகள்கள் குறைந்தால் இரைச்சல் கூடும். இரைச்சல் மோதலைப் போலவே நடந்துகொள்ளும். எதை விலக்கவேண்டி இத்தனை பாடோ அது கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. துகளே வேண்டாம் என்று சமன்பாட்டை நேராகக் கட்டங்களில் போட்டால், இடத்துக்கு மூன்று, வேகத்துக்கு மூன்று என ஆறு பரிமாணம். பக்கத்துக்கு நூறு கட்டம் என்றாலே லட்சம் கோடிப் புள்ளிகள். கட்டத்தைவிட நுண்ணிய மடிப்புகளைக் கம்ப்யூட்டர் மறந்துவிடும். அப்போது எழும் சூடு சூரியனுடையதா, கட்டத்தினுடையதா?

என் வாசிப்பில், இதைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டவர்கள்தாம் பொருட்படுத்தத் தக்கவர்கள். 2008ல் கிரெகரி ஹௌஸும் கூட்டாளிகளும் துகளின் வட்டச் சுழற்சியைச் சராசரியாக்கி ஒரு பரிமாணத்தைக் கழித்தார்கள். அந்தச் சுழற்சியோடு அலை இசைவதால் வரும் சூடு தம் கணக்கில் வராது என்பது அவர்களுக்குத் தெரிந்தே செய்த கழிவு. இதைத்தான் நான் மதிக்கிறேன். வண்ணப் படங்களை அச்சிட்டு, இதோ சூரியக் காற்று என்பவர்களிடம் எனக்கு அலுப்புத்தான். நம் யதார்த்தவாதிகளில் பலருடைய கோளாறும் இதுவே. எதைக் கழித்தோம் என்ற பிரக்ஞை இன்றி, வாழ்க்கையை அப்படியே தந்துவிட்டதாகப் பேசுவார்கள்.

2018ல் புறப்பட்ட பார்க்கர் கலம் 2024 டிசம்பர் 24ல் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டரில் பறந்தது. பார்க்கர் 2022ல் காலமாகிவிட்டார். இந்த அருகாமையைவிட என்னைப் பாதித்தது வேறொன்று. 2016ல் க்ளைனும் ஹௌஸும் ஒரு வாசிப்பு முறையை வகுத்தார்கள்: மின்புலத்தையும் துகள்களின் வேகப் பரவலையும் சேர்த்துப் பார்த்து, எந்த வேகத்துத் துகள் சக்தியை வாங்குகிறது என்று கண்டுபிடிப்பது. கம்ப்யூட்டருக்குள் பழகிய அந்த முறையை, பூமியின் காந்தப்புலத்தை முட்டி வேகம் குறைந்த சூரியக் காற்றில் எம்.எம்.எஸ். கலங்கள் எடுத்த அளவுகளில் பிரயோகித்தார்கள். எலெக்ட்ரான்களில் லாண்டாவின் தடயம் தெரிந்தது, 2019ல் வெளியாயிற்று. எம்.எம்.எஸ். என்பது நான்கு கலங்கள். இந்த வாசிப்புக்கு ஒரே இடத்தில் எடுத்த அளவு போதும்.