ஸ்பிரே: உரிமையாளரே செப்பனிட்டு உலகைச் சுற்றிய பாய்மரப் படகு

ஸ்பிரே என்பது 36 அடி 9 அங்குல நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு. சிப்பி பிடிக்கப் பயன்பட்டு, பின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த இப்படகை ஜோசுவா ஸ்லோக்கம் என்ற கப்பல் தலைவர் தம் கையாலேயே புதுப்பித்தார். 1895 முதல் 1898 வரை இதில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்தார். தனி ஒருவர் பாய்மரப் படகில் உலகைச் சுற்றியது வரலாற்றில் அதுவே முதல் முறை. இந்தப் பயணம் பெரும்பாலும் ஒரு துணிச்சல் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் துணிச்சல் மட்டும் ஒரு மரப்படகை மூன்று ஆண்டுகள் மிதக்க வைக்காது. படகின் ஒவ்வொரு பலகையையும் அறிந்தவரே அதைச் செலுத்தினார் என்பதே இவ்வெற்றியின் அடிப்படை. இக்கட்டுரை அந்தப் பழுதுபார்ப்பின் வரலாற்றைக் கூறுகிறது.

வேலை இழந்த கப்பல் தலைவர்

ஸ்லோக்கம் 1844 பிப்ரவரி 20 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். இளவயதிலேயே கடலுக்குச் சென்று, பின்னர் அமெரிக்கக் குடிமகனாகி, பெரிய பாய்மரக் கப்பல்களின் தலைவராக உயர்ந்தார். கப்பலைச் செலுத்துவதோடு கட்டவும் அவருக்குத் தெரியும். பிலிப்பைன்ஸில் தங்கியிருந்தபோது ஒரு நீராவிக் கப்பலின் உடற்பகுதியைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

1887 இறுதியில் அவரது சொந்தக் கப்பலான அக்குவிட்னெக் பிரேசில் கடற்கரையில் தரைதட்டி உடைந்தது. மனைவியும் இரு மகன்களும் உடனிருந்தனர். ஊர் திரும்ப வழி தேடிய ஸ்லோக்கம், உடைந்த கப்பலில் மிஞ்சிய பொருட்களையும் அவ்வூர் மரங்களையும் கொண்டு 35 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினார். அது 1888 மே 13 அன்று நீரில் இறக்கப்பட்டது. பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் அதே நாளில்தான். அதனால் படகுக்கு விடுதலை என்ற பொருள்படும் லிபெர்டாடே என்ற பெயர் வைத்தார். அந்தப் படகிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார்.

ஆனால் காலம் மாறியிருந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டதால் பாய்மரக் கப்பல் தலைவர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. இந்த நிலையில்தான், 1892ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஈபன் பியர்ஸ் என்ற முதிய கப்பல் தலைவர் அவரிடம் தம்மிடம் ஒரு கப்பல் இருப்பதாகவும், அதற்குச் சில பழுதுபார்ப்பு வேலைகள் தேவைப்படும் என்றும் சொன்னார்.

வயலில் நின்ற படகு

ஸ்லோக்கம் ஃபேர்ஹேவன் என்ற ஊருக்குப் போய்ப் பார்த்தபோது, படகு நீரில் இல்லை. ஒரு வயலில், முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டு, மேலே கித்தான் துணி போர்த்தப்பட்டுக் கிடந்தது. பல ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை. அது எப்போது கட்டப்பட்டது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. உடைக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊரார் நினைத்தனர். திரும்பக் கட்டப் போவதாக அவர் சொன்னதும், இதில் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்குமா என்று கேட்டனர். ஓராண்டுக்கு மேல் அந்தக் கேள்வியை அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

மரப்படகின் அமைப்பை இங்கே சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. அடியில் முன்னிருந்து பின்வரை நீளமாகச் செல்லும் முதுகெலும்பு போன்ற மரம் ஏரா எனப்படும். அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புகள்போல் வளைந்து எழும் மரங்கள் வங்குகள். வங்குகளின் மேல் பலகைகள் அடிக்கப்படுகின்றன. பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்குகளில் பஞ்சும் நாரும் அடைத்து நீர் புகாமல் செய்வது கலப்பத்து வேலை. இவற்றில் எது பழுதானாலும் படகுக்கு ஆபத்துதான். ஸ்பிரேயில் அநேகமாக எல்லாமே பழுதாகியிருந்தன.

அருகில் நின்ற ஓக் மரம் ஒன்றை வெட்டி ஸ்லோக்கம் ஏரா செய்தார். வங்குகளுக்கு இளம் மரங்களைச் செதுக்கினார். மரத்தை நீராவியில் வேகவைத்தால் அது இளகும். இளகிய மரத்தை ஒரு கட்டையின் மேல் வளைத்துக் கட்டி ஆறவிட்டால் அந்த வளைவு நிலைத்துவிடும். இதற்காக ஒரு பானையைக் கொதிகலனாக வைத்து நீராவிப் பெட்டி ஒன்றை அமைத்துக்கொண்டார். படகின் முன்முனையில் நிற்கும் தண்டு மரத்தை மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த ஓர் ஓக் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து எடுத்தார். பிற்காலத்தில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் அந்த மரம் ஒரு பவளத் திட்டில் மோதியபோதும் அதற்குச் சேதம் ஏற்படவில்லை.

பக்கப் பலகைகள் ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள ஜார்ஜியா பைன் மரம். பலகைகளின் உள்விளிம்புகள் வெளிச்சம்கூடத் தெரியாதபடி நெருக்கமாகவும், வெளிவிளிம்புகள் அடைப்புக்கு இடம் தந்து சற்று விலகியும் இருக்குமாறு பொருத்தினார். பலகை முனைகளைத் திருகுமரை போட்ட போல்ட்டுகளால் வங்குகளோடு முடுக்கினார். படகு முழுவதிலும் சுமார் 1,000 போல்ட்டுகள் பயன்பட்டன.

கலப்பத்துக்கு முதலில் பருத்தி இழையை அடித்து இறக்கினார். பார்க்க வந்தவர்களில் சிலர், அது இடுக்கிலிருந்து நழுவி வெளியே வந்துவிடும் என்றனர். தாம் முன்பே எண்ணியிருந்தபடி, பருத்தியின் மேல் தார் ஊறிய கயிற்று நாரை வைத்து அடித்தார். அந்த அடைப்பு கடைசிவரை நழுவவில்லை. அடிப்பகுதிக்குச் செம்புச் சாயம் இரண்டு பூச்சு, மேற்பகுதிக்கு வெள்ளைச் சாயம் இரண்டு பூச்சு. பாய்மரத்துக்கு ஸ்புரூஸ் மரம்.

இந்த வேலைக்கு ஆன பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு 13 மாதங்கள். துறைமுகத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் அவ்வப்போது கூலி வேலை செய்ததால், ஃபேர்ஹேவனில் தங்கிய காலம் இதைவிடச் சில மாதங்கள் கூடுதல்.

ஒவ்வொரு மரமும் மாறிய பின் அது பழைய படகுதானா என்ற கேள்வி எழுகிறது. ஸ்லோக்கம் இதற்குக் கடல் வணிக உலகின் வழக்கத்தையே பதிலாகக் காட்டினார். பழையதிலிருந்து சிறிது சிறிதாகச் செப்பனிடப்பட்டு முழுவதும் புதிதாகிவிட்ட கப்பலும் அதே கப்பல்தான். ஆகவே ஸ்பிரே என்ற பெயர் நீடித்தது.

கடலில் தொடர்ந்த வேலை

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். கையில் பணம் குறைவு. அவரிடம் இருந்த நல்ல கடல் கடிகாரத்தைச் செப்பனிட 15 டாலர் ஆகும் என்பதால் அதை விட்டுவிட்டு, நோவா ஸ்கோஷியாவில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்தது. வழியில் அது மக்கர் செய்தபோது கொதிநீரில் போட்டு எடுத்து ஓடவைத்தார். துணைப்படகு முழு அளவில் ஏற்ற இடமில்லாததால், ஒரு பழைய படகைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைப் பலகையால் மூடிக்கொண்டார். அதுவே அவருக்குத் துணி துவைக்கும் தொட்டியும் ஆயிற்று.

அட்லாண்டிக்கைக் கடந்து ஜிப்ரால்டர் சென்று, மீண்டும் அட்லாண்டிக்கைக் கடந்து தென் அமெரிக்கா வந்தார். உருகுவே கடற்கரையில் ஸ்பிரே தரைதட்டியது. மான்டிவிடியோவில் ஒரு கப்பல் நிறுவனத்தின் முகவர்கள் செலவை ஏற்றுக்கொள்ள, ஏராவின் சேதம் சரிசெய்யப்பட்டது. அடுத்து புவெனஸ் ஐரிஸில் பாய்மரத்தைக் கழற்றி, அதன் உயரத்தில் 7 அடியைக் குறைத்தார். முன்புறம் நீட்டிக்கொண்டிருந்த கட்டையில் சுமார் 5 அடியை வெட்டினார். முன்னே இருந்தது தென்முனையின் புயல் கடல். உயரமான மரம் விரைவைத் தரும். ஆனால் பலத்த காற்றில் படகைச் சாய்க்கும். விரைவைவிடப் பாதுகாப்பு முக்கியம் என்று முடிவெடுத்து, அதற்கேற்பப் படகை மாற்றினார். பின்னர் மகெல்லன் நீரிணையில் படகின் பின்புறம் ஒரு சிறு பாய்மரத்தையும் நிறுத்தினார்.

1896 மார்ச்சில் நீரிணையைத் தாண்டிப் பசிபிக்கில் நுழைந்ததும் புயல் அடித்தது. பெரிய பாய் கந்தலாகக் கிழிந்தது. தீயெர்ரா டெல் ஃபியூகோ தீவுகளைச் சுற்றி, பாறைகள் நிறைந்த கடல் வழியாக மறுபடி நீரிணைக்கே வந்து சேர்ந்தார். கிடைத்த கித்தான் துண்டுகளை ஊசியும் நூலும் கொண்டு தைத்துப் பாயை மீட்டார். ஒட்டுப்போட்ட அந்தப் பாயோடுதான் மீண்டும் பசிபிக்குக்குள் சென்றார்.

ஆஸ்திரேலியாவில் சில மாதங்கள் கழித்தார். டாஸ்மேனியாவின் டெவன்போர்ட்டில் படகைக் கரையில் ஏற்றி அடிப்பகுதியைச் சோதித்தார். வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்து உள்ளே வாழும் கடல்புழு மரப்படகின் பெரும் எதிரி. வெளியே சிறு துளை மட்டும் தெரியும். உள்ளே மரம் அடையாகத் துளைபட்டுவிடும். ஸ்பிரேயில் புழுவின் சுவடே இல்லை. இருந்தும் அடுத்து வெப்பக் கடல்களைக் கடக்க வேண்டியிருந்ததால், மீண்டும் ஒரு முறை செம்புச் சாயம் பூசினார். செம்பு அந்தப் புழுவுக்கு நஞ்சு. குறை எதுவும் காணாதபோதும் செய்யப்பட்ட இந்த வேலையே பராமரிப்பின் இலக்கணம். பழுது வந்தபின் செய்வது செப்பனிடல். வராமல் காப்பது பராமரிப்பு.

1898 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட்டை அடைந்தார். கடந்த தொலைவு சுமார் 46,000 மைல். படகில் கசிவு இல்லை. நீர் இறைக்கும் பம்பை ஆஸ்திரேலியாவுக்குப் பின் பொருத்தவே தேவைப்படவில்லை என்று அவர் எழுதியுள்ளார். பின்னர் ஃபேர்ஹேவன் சென்று, படகை முதன்முதலாக நீரில் இறக்கியபோது கட்டிய அதே கட்டையில் கட்டினார். அவரது பயண நூல் 1900இல் வெளிவந்தது.

பம்பாயில் கட்டிய படகு

இதே பாடத்தை எழுபது ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு படகு மெய்ப்பித்தது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய மாலுமியின் சுஹைலி, பம்பாயில் இந்தியத் தச்சர்களால் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. நீளம் 32 அடி. 1968 ஜூன் 14 முதல் 1969 ஏப்ரல் 22 வரை, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் அவர் தனியாக உலகைச் சுற்றினார். இவ்வாறு நிற்காமல் சுற்றிய முதல் மனிதர் அவரே.

அட்லாண்டிக்கில் செல்லும்போதே படகு கசிந்தது. அவர் கடலில் குதித்து அடியில் பார்த்தபோது, ஏராவை ஒட்டிய இடுக்கில் அடைப்பு விட்டிருப்பது தெரிந்தது. நீருக்கடியில் வழக்கமான கலப்பத்து வேலை கைகூடவில்லை. எனவே கித்தான் பட்டை ஒன்றில் செம்பு ஆணிகளை முன்கூட்டியே குத்திவைத்து, மூச்சை அடக்கி முங்கி, ஒவ்வோர் ஆணியாக அடித்தார். பட்டை பிய்ந்து போகாமலிருக்க மேலே செம்புத் தகடும் வைத்து அடித்தார். கசிவு பெருமளவு அடங்கியது. உதவிக்கு ஆள் இல்லாத நடுக்கடலில் படகின் உரிமையாளரே தச்சரும் ஆக வேண்டியிருந்தது.

ஸ்பிரேயின் முடிவு

புகழ் பெற்றபின் ஸ்லோக்கம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் ஒரு பண்ணை வாங்கினார். எனினும் குளிர்காலங்களில் ஸ்பிரேயில் தெற்கே செல்வதை விடவில்லை. இந்த ஆண்டுகளில் படகைப் பார்த்தவர்கள், அது முன்போல் பேணப்படவில்லை என்று பதிவு செய்துள்ளனர். படகுக்கும் வயதாகியது, அவருக்கும் அறுபதைக் கடந்திருந்தது. பயண நூல் வெளியாகிப் பத்து ஆண்டுகள் நிறைவதற்குள், ஒரு நவம்பர் மாதத்தில் அவர் அத்தீவிலிருந்து ஸ்பிரேயில் தனியாகப் புறப்பட்டார். அதன்பின் அவரையும் படகையும் யாரும் காணவில்லை. 1924இல் நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவித்தது.

பெரிய கப்பல் மோதியதா, மரம் விட்டுப்போனதா, புயலா என்று பலவாறு கருதப்படுகிறது. உறுதிப்படுத்தும் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே கவனக்குறைவுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். 13 மாத உழைப்பு ஒரு மரப்படகுக்கு நிரந்தரப் பாதுகாப்பைத் தந்துவிடாது. கடல்நீரும் வெயிலும் புழுவும் ஒரு நாளும் ஓய்வெடுப்பதில்லை. 1898இல் ஒரு சொட்டும் கசியாத படகு, அடுத்த ஆண்டும் அப்படியே இருக்க வேண்டுமானால் அடுத்த ஆண்டும் அதே கைகள் உழைக்க வேண்டும்.

உலகைச் சுற்றிய முதல் தனி மாலுமி என்று ஸ்லோக்கத்தைப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அவருடைய பயணம் பாஸ்டன் துறைமுகத்தில் தொடங்கியது என்பது நாட்குறிப்பின் கணக்கு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு வயலில், அவர் ஓக் மரத்தின் மேல் கோடரியை வைத்தபோது அது தொடங்கிவிட்டது.