ஆக்கவுரிமையும் அருமருந்தும்: கட்டாய உரிமத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மருந்துகளின் ஆக்கவுரிமை பற்றிய விவாதங்களைப் பெரும்பாலும் சட்ட அறிஞரும் மருத்துவருமே நடத்தி வந்துள்ளனர். இலக்கிய மாணவராகிய நாம் அதனுட் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் சட்டமும் சொற்களாலேயே ஆக்கப்படுகின்றது. சொல்லொன்றின் பொருள் மாறும்போது அதன் பின்னணியிற் சமுதாய உறவுகளும் மாறியிருப்பதை மொழி வரலாறு பயின்றோர் அறிவர். ஆக்கவுரிமையைக் குறிக்கும் 'பேட்டன்ட்' என்னும் ஆங்கிலச் சொல், 'திறந்திருப்பது' எனப் பொருள்படும் இலத்தீன் மூலத்திலிருந்து வந்தது. எவரும் படிக்கத்தக்கதாக மன்னன் விடுத்த திறந்த மடலையே அது முதலிற் சுட்டிற்று. ஒருவருக்கு வழங்கப்பட்ட சலுகையை நாடறியச் செய்வதே அம்மடலின் பணி. சலுகையாகப் பிறந்த அது காலப்போக்கிற் சொத்து எனும் பெயரைப் பெற்றது. இப்பெயர் மாற்றத்தின் பின்னணியிற் கட்டாய உரிமம் எனும் ஏற்பாட்டின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டாய உரிமம் என்பது, ஆக்கவுரிமையாளரின் சம்மதமின்றியே, அவருக்குரிய பங்குப்பணத்தை வழங்கி, அப்பொருளைப் பிறரொருவர் உற்பத்தி செய்வதற்கு அரசு அளிக்கும் அனுமதியாகும். இதனாற் கண்டுபிடித்தவரின் உரிமை அழிந்துவிடுவதில்லை; ஏகபோகம் மட்டுமே தளர்கின்றது. இதனை அயலார் சொத்தைக் கவரும் செயலெனப் பல்தேசிய மருந்துக் கம்பனிகள் வருணித்து வந்துள்ளன. இவ்வருணனைக்கு வரலாற்று ஆதாரம் உண்டா என்பதே நமது முதற் கேள்வி.

இங்கிலாந்தின் 1624ஆம் ஆண்டு ஏகபோகச் சட்டம் நவீன ஆக்கவுரிமையின் தோற்றுவாய் எனக் கொள்ளப்படுவது. புதிய உற்பத்தி முறையைக் கொணர்ந்தோருக்கு 14 ஆண்டுக்கால ஏகபோகத்தை வழங்கிய அச்சட்டமே, அவ்வேகபோகம் உள்நாட்டிற் பண்டங்களின் விலையை உயர்த்தி நாட்டுக்குத் தீங்கு விளைத்தலாகாது என்றும் விதித்தது. சலுகையும் நிபந்தனையும் இரட்டையராகவே பிறந்தன எனலாம். 1883ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உரிமத்துக்கு வெளிப்படையாக இடமளித்தது. முதலாம் உலகப் போரின்போது சாயப் பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் ஜேர்மனியிற் பெரிதுந் தங்கியிருந்த நிலையைப் பிரித்தானியா கசப்புடன் உணர்ந்தது. அதன் விளைவாக 1919இற் சட்டம் திருத்தப்பட்டு, உணவும் மருந்தும் தனியாகக் கருதப்பட்டு, அவை சார்ந்த ஆக்கவுரிமைகளுக்குக் கட்டாய உரிமம் பெறுவது எளிதாக்கப்பட்டது. 1961இற் பழைமைவாதக் கட்சியின் சுகாதார அமைச்சர் ஈனோக் பவல், அரசுப் பயன்பாட்டு விதியைக் கையாண்டு, தேசிய சுகாதார சேவைக்கு வேண்டிய டெட்ராசைக்கிளின் மருந்தை இத்தாலியிலிருந்து மலிவாகத் தருவித்தார். 1965இற் பிரபுக்கள் சபையும் அச்செயல் சட்டத்துக்கு அமைவானதே எனத் தீர்ப்பளித்தது. பவலைப் பொதுவுடைமைவாதி என எவரும் கூறார். தொழில்வளர்ச்சியடைந்த நாடுகள் தம் தேவை நேர்ந்தபோதெல்லாம் கையாண்ட கருவியே கட்டாய உரிமம் என்பது இதனாற் பெறப்படும்.

குடியேற்றநாடுகளின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. இந்தியாவில் 1911ஆம் ஆண்டின் பிரித்தானியக் காலச் சட்டமே சுதந்திரத்தின் பின்னரும் நிலவியது. சென்னை உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கிய ந. இராஜகோபால ஐயங்கார் 1959இற் சமர்ப்பித்த அறிக்கை அதன் உண்மைத் தன்மையை அம்பலப்படுத்திற்று. இந்தியாவில் வழங்கப்பட்ட ஆக்கவுரிமைகளில் 80 முதல் 90 சதவீதமானவை அந்நியருக்கு உரியவை. அவற்றுள் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை இந்திய மண்ணிற் பயன்படுத்தப்படாதவை. அதாவது, உற்பத்தியை ஊக்குவிப்பதற்கென எழுந்த ஏற்பாடு உற்பத்தியைத் தடுத்து, சந்தையை இறக்குமதிக்கென ஒதுக்கிவைக்கும் வேலியாகிவிட்டது. இவ்வறிக்கையின் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்தென்னும் பொருளுக்கு ஆக்கவுரிமை இல்லை, அதனை ஆக்கும் முறைக்கே உண்டு என்றும், அதுவும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கே என்றும் அது வரையறுத்தது.

எனினும் இவ்விடத்திற் சட்டத்தை மட்டும் போற்றுவது கருத்துமுதல்வாதமாகிவிடும். 1954இற் பிம்பிரியில் அரசுத்துறையின் நோயெதிர் மருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1961இற் சோவியத் உதவியுடன் தொடங்கப்பட்ட அரசு மருந்து நிறுவனம் ரிஷிகேசத்திலும் ஐதராபாத்திலும் ஆலைகளை எழுப்பியது. அவ்வாலைகளிற் பயின்ற இரசாயனவியலாளர் சிலர் பின்னர் தனியார் துறையிலும் தொழில் தொடங்கினர். சட்டம் வழியைத் திறந்தது. அவ்வழியே நடப்பதற்கான கால்களை உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியே தந்தது.

1995இல் உலக வர்த்தக நிறுவனத்துடன் நடைமுறைக்கு வந்த புலமைச் சொத்து உடன்படிக்கை, மருந்துக்கும் 20 ஆண்டுக்கால ஆக்கவுரிமையை உறுப்பு நாடுகளின் கடமையாக்கிற்று. கட்டாய உரிமத்தை அதன் 31ஆம் உறுப்புரை அனுமதித்தது. ஆயின் உற்பத்தி பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே உரியதாதல் வேண்டும் எனவும் விதித்தது. தொழிற்சாலை இல்லாத நாட்டுக்கு இவ்வுரிமை கிணறில்லாதவன் கைக்கயிறு போன்றது.

இதே காலத்திற் தென்னாபிரிக்காவை எயிட்ஸ் நோய் சூறையாடிற்று. மலிவான மருந்தை இறக்குமதி செய்ய வழிவகுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து மருந்துக் கம்பனிகள் வழக்காடின. 2001 மார்ச்சில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது 39 கம்பனிகள் எதிரணியில் நின்றன. நோயாளரும் தொழிலாளரும் திரண்ட சிகிச்சைக்கான செயற்பாட்டியக்கம் நீதிமன்றின் உள்ளேயும் வெளியேயும் போராடியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், ஆண்டுக்கு 10,000 டொலருக்கு மேல் விற்கப்பட்ட மும்மருந்துச் சிகிச்சையை 350 டொலருக்கு வழங்க முடியும் என இந்தியாவின் சிப்லா நிறுவனம் அறிவித்திருந்தது. உற்பத்திச் செலவு பற்றிய மாயை கலைந்தது. ஏப்ரல் 19ஆந் திகதி வழக்கு மீளப்பெறப்பட்டது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கனி முப்பது ஆண்டுகளின் பின் பிறிதொரு கண்டத்திற் பயன்பட்டதை நாம் இங்கு காண்கிறோம். அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த டோஹா பிரகடனம், கட்டாய உரிமத்துக்கான காரணங்களைத் தீர்மானிக்கும் சுதந்திரம் ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டென உறுதிசெய்தது. தொழிற்சாலையற்ற நாடுகளுக்கென 2003இல் வகுக்கப்பட்ட ஏற்றுமதி வழிமுறையோ சிக்கல்கள் நிறைந்தது. 2007இல் ருவண்டா விடுத்த அறிவித்தலின் பேரிற் கனடாவிலிருந்து மருந்து அனுப்பப்பட்டமையே அதன்கீழ் நிகழ்ந்த அருஞ்செயலாகக் காட்டப்படுவது.

இந்தியாவும் 2005இற் பொருள் ஆக்கவுரிமையை ஏற்க நேர்ந்தது. எனினும் கட்டாய உரிமப் பிரிவைக் கைவிடவில்லை. ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான பேயர் நிறுவனத்தின் சொராஃபெனிப் மருந்துக்கு, 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனம் கட்டாய உரிமம் பெற்றது. ஒரு மாதச் சிகிச்சையின் விலை 2,80,428 ரூபாயிலிருந்து 8,880 ரூபாயாக வீழ்ந்தது. 6 சதவீதமென விதிக்கப்பட்ட பங்குப்பணம் மேன்முறையீட்டில் 7 சதவீதமாக்கப்பட்டது. 2014இல் உயர் நீதிமன்றும் உரிமத்தை நிலைநிறுத்திற்று. ஆயினும் 2013இலும் 2016இலும் வேறு மருந்துகளுக்கென வந்த விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. கருவி கையிலிருந்தும் ஓங்கிய கை தயங்கியது.

ஏகபோகம் இன்றேல் ஆராய்ச்சி இல்லை என்ற வாதத்தை நாம் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவு உண்டு. அதனை எவர் ஏற்பது என்ற வினாவுக்குக் கட்டாய உரிமம் மட்டும் விடையாகாது. ஆயின் எயிட்ஸ் நோய்க்கான முதல் மருந்தாகிய ஏஸெட்டி, 1964இல் ஜெரோம் ஹோர்விட்ஸ் என்ற அறிஞரால் அமெரிக்க அரசின் பொதுப் பணத்தைக் கொண்டு ஆக்கப்பட்டது. அதன் பயனுக்கான ஆக்கவுரிமையைப் பின்னர் பெற்றதோ ஒரு கம்பனி. அறிவு சமுதாய உழைப்பின் பேறாகவும் அதன் பலன் தனியார் உடைமையாகவும் அமையும் முரண்பாட்டுக்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டா.

நமது நாட்டின் அனுபவமும் இத்தொடரிற் கருதத்தக்கது. 1971இல் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் அளித்த அறிக்கையின் பேறாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. பிபிலே எதிர்த்தது முதன்மையாக ஆக்கவுரிமையை அன்று. வணிகப் பெயரின் ஆதிக்கத்தையே. ஒரே மருந்து பல பெயரிற் பல விலைக்கு விற்கப்படுவதை அவர் மறுத்தார். மருந்துகளின் பட்டியலைக் குறுக்கி, உலகச் சந்தையில் மொத்தமாகக் கொள்வனவு செய்தார். எனினும் 1974இல், அரசு தருவித்த மூலப்பொருளிலிருந்து டெட்ராசைக்கிளின் வில்லைகளை ஆக்கித்தர, இங்கு தொழிற்சாலை வைத்திருந்த அந்நியக் கம்பனியொன்று மறுத்தது. மூலப்பொருள் நம்மிடமிருந்தது; இயந்திரம் பிறர் கையிலிருந்தது. 1977இற் பிபிலே கயானாவிற் காலமானார். 2022இல் அந்நியச் செலாவணி வறண்டு நமது ஆசுபத்திரிகளில் மருந்தின்றிச் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோது, தடையாய் நின்றது ஆக்கவுரிமை அன்று. எனினும் உற்பத்தியிற் பிறரிற் தங்கியிருத்தல் எனும் பழைய நோயே வேறு வடிவில் வெளிப்பட்டது.

எனவே, கட்டாய உரிமம் ஏழை நாடுகள் இரந்து பெறும் கருணையன்று. ஆக்கவுரிமை எனும் சலுகை பிறந்தபோதே உடன்பிறந்த நிபந்தனை. அந்நிபந்தனையை மறக்கச் செய்தது 'சொத்து' என்ற சொல். ஆயின் சட்ட நூலில் எழுதப்பட்டிருத்தலால் மட்டும் அது உயிர் பெறுவதில்லை. உற்பத்தி செய்யவல்ல தொழிற்சாலையும், உறுதி கொண்ட அரசும், அதனை உந்தும் மக்கள் இயக்கமும் ஒருங்கிணையும்போதே எழுத்து மருந்தாகின்றது. இம்மூன்றில் நம்மிடம் எவை உள, எவை இல என வினவுதல் இன்றைய ஆய்வாளர் கடன்.