நாலாக மடித்த அளவுநாடா

போன வருசம் ஒரு தோழியின் கலியாணத்துக்கு நானே எனக்கு பிளவுஸ் தைப்பதென்று வெளிக்கிட்டேன். இணையத்தில் இலவச பேட்டர்ன் ஒன்று கிடைத்தது. ஏ4 தாள்களில் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, துணியில் வைத்து வெட்டித் தைத்தாயிற்று. போட்டுப் பார்த்தால் முன்பக்கக் கொக்கிகள் ஒன்றையொன்று எட்டவே இல்லை. 36 அங்குலம் வரவேண்டிய சட்டை, 34½ அங்குலத்தில் நிற்கிறது.

அம்மம்மா வந்து பார்த்தா. துணியைப் பார்க்கவில்லை, தாளைத்தான் கேட்டா. முதல் பக்கத்தின் மூலையில் ஒரு சதுரம் இருந்தது. அதற்குள் 10 செ.மீ. என்று எழுதியிருந்தது. நான் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட்டேன்.

"இதை அளந்தனியோ?"

அளந்தேன். 9.6 செ.மீ. பிரிண்ட் எடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவை நான் எடுத்துவிடாமல் விட்டதால், படம் முழுக்க 4 சதவீதம் சுருங்கியிருந்தது. 36ஐ 0.96ஆல் பெருக்கினால் 34.56. கணக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, நான்தான் அதைக் கவனிக்கவில்லை. 10ஐ 9.6ஆல் பிரித்து, 104 சதவீதத்தில் திரும்ப பிரிண்ட் எடுத்திருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும்.

அம்மம்மா கணினியைத் தொட்டதே இல்லை. பிறகு எப்படி அந்தச் சதுரத்தைப் பார்த்தவுடன் அவவுக்கு விளங்கியது? கேட்டால், "கட்டத்தை அளக்காமல் துணியில கத்திரிக்கோல் வைக்கப்படாது எண்டு எங்களுக்குச் சொல்லித்தந்தவை" என்றா. யார் சொல்லித்தந்தவை, அவைக்கு எங்கிருந்து வந்தது என்று தேடப்போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

ஒரு கட்டம், ஓர் அங்குலம்

முதலில் அந்தச் சின்னப் படங்களின் கதையைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பெண்கள் சஞ்சிகைகள் உடுப்புகளின் வெட்டுப்படங்களைப் பக்கத்துக்குள் அடங்கும்படி சிறிதாக்கி அச்சிட்டன. அதை ஆளின் அளவுக்குப் பெருப்பிப்பது வாசிப்பவளின் வேலை. 1863இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற ஊரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர், வேறு வேறு அளவுகளில் முழு அளவுக் கடதாசி பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். வாங்கினால் அப்படியே வைத்து வெட்டலாம். ஆனால் வாங்குவதற்குக் காசும் கடையும் வேண்டும். அவை இல்லாத இடங்களில் சின்னப் படமும் கட்டங்களும்தான் தொடர்ந்து ஓடின.

முறை இதுதான். படத்தின் மேல் சிறு கட்டங்கள் போடப்பட்டிருக்கும். ஒரு கட்டம் ஓர் அங்குலம் என்று கீழே எழுதியிருக்கும். நாம் பெரிய தாளில் ஓர் அங்குலக் கட்டங்களைக் கீறவேண்டும். பிறகு சின்னப் படத்தில் கோடு எந்தக் கட்டத்தின் எந்த ஓரத்தை எங்கே வெட்டுகிறதோ, பெரிய தாளிலும் அதே கட்டத்தின் அதே இடத்தில் புள்ளி வைக்கவேண்டும். கடைசியில் புள்ளிகளைத் தொடுத்தால் கைக்குழியின் வளைவுகூட வந்துவிடும். பெருக்கத் தெரியத் தேவையில்லை. கட்டம் எண்ணத் தெரிந்தால் போதும்.

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாத வருசங்களில் அம்மம்மா இப்படித்தான் அயலட்டைப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தவ. போட்டோக்கொப்பி என்ற பேச்சுக்கே இடமில்லை, கடதாசிக்கும் தட்டுப்பாடு. பழைய பேப்பர்களைக் கோதுமை மாப்பசையால் ஒட்டி, அதில் அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறுவா. அந்தத் தாள்களில் இரண்டு மூன்று இன்னும் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருக்கு. மடிப்புகளில் பொடிந்துபோய்க் கிடக்கின்றன. செய்திகளுக்கு மேலால் பென்சில் கோடு ஓடுகிறது.

கட்டத்துக்கு முன்னால் மடிப்பு

கட்டம் போட்டுப் பெருப்பிப்பது அச்சு வந்தபிறகு கண்டுபிடித்த வேலை இல்லை. பழைய எகிப்தில் சுவரில் உருவம் வரைவதற்கு முன் சிவப்புக் கோடுகளால் கட்டம் போட்டார்கள். நிற்கிற மனிதன் உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம்வரை 18 கட்டம். உருவம் ஒரு சாண் என்றாலும் இரண்டு ஆள் உயரம் என்றாலும் அதே 18தான். கட்டத்தின் அளவு மட்டும் மாறும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு வழி இருக்கு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் வெண்கலப் படிமம் வார்க்கிற ஸ்தபதிகள், செய்யப்போகும் படிமத்தின் உயரத்துக்கு ஒரு தென்னோலைக் கீற்றை வெட்டி எடுக்கிறார்கள். பெயர் ஒடியோலை. அதை மடித்து மடித்துப் பங்குகளாக்கி, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார்கள். சிற்ப நூல்கள் சொல்லும் உத்தம தசதாளக் கணக்கில் முழு உயரம் 124 பங்கு. ஒரு பங்கு எத்தனை மில்லிமீற்றர் என்று எந்த நூலும் சொல்லத் தேவையில்லை. ஓலையின் நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

இதை வாசித்தபோது எனக்கு அம்மம்மாவின் கை ஞாபகம் வந்தது. என்னுடைய பிளவுஸைத் திருத்த வந்தபோது அவ இலக்கம் எதையும் எழுதவில்லை. அளவுநாடாவால் என்னுடைய மார்பைச் சுற்றி அளந்தா. அளந்த இடத்தில் விரலை வைத்து நாடாவை இரண்டாக மடித்தா, திரும்ப இரண்டாக மடித்தா. அந்த நாலில் ஒரு பங்கை அப்படியே தாளில் வைத்துக் கோடு கீறி, தளர்வுக்கு ஒரு விரல் அகலம் விட்டா. 36ஐ நாலால் பிரித்தால் 9 என்பது எனக்கு விடை. அவவுக்கு அது ஒரு மடிப்பு. ஆள் மாறினால் நாடாவில் விரல் நிற்கும் இடம் மாறும், மடிப்பு மாறாது. நாடா அவவின் ஒடியோலை.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே மடங்கில் பெருப்பிக்கவும் கூடாது. 32 அங்குலச் சட்டையை 36 ஆக்க எல்லாக் கோட்டையும் 1.125ஆல் பெருக்கினால் மார்பு சரியாக வரும், தோள் கையில் வழியும். மார்பு பருத்த அளவுக்கு மனிதருக்குத் தோள் அகலாது. தையலுக்கு விடுகிற அரை அங்குலமும் அப்படித்தான். எந்த அளவுச் சட்டைக்கும் அது அரை அங்குலமே. எதைப் பெருப்பிப்பது, எதை விட்டுவிடுவது என்று தெரிவதுதான் இந்தக் கணக்கின் கடினமான பாதி.

இரண்டு வகுப்பறைகள்

இந்தக் கணக்குக்கு ஏன் கணக்கு என்ற பெயர் கிடைக்கவில்லை? இதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்கூட வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள். முதல் அதிபர் டானியல் பூவர். அங்கே பெடியளுக்கு ஆங்கிலம், தமிழ், வானியல் என்பவற்றோடு உயர் கணிதமும் படிப்பிக்கப்பட்டது. அங்கே படித்த கறொல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்ற தமிழ் நூலை வெளியிட்டார். அட்சரகணிதத்தைத் தமிழில் எழுதமுடியும் என்று காட்டிய முன்னோடி வேலை அது.

செமினரி தொடங்கி அடுத்த வருசம், 1824இல், உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்று என்று நாங்கள் பெருமைப்படுகிற இடம். அங்கே பெண்பிள்ளைகள் எழுத்தும் வாசிப்பும் எண்கணிதமும் படித்தார்கள், அதோடு தையலும் பழகினார்கள். பெண்களுக்கு எழுத்தறிவே தேவையில்லை என்றிருந்த காலத்தில் அது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிஷன் பிறகு வடமராட்சிக்கும் வந்தது. உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரியின் பெயரில் அந்த வரலாறு இன்றைக்கும் நிற்கிறது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பிரிவு ஒளிந்திருந்தது. கேத்திர கணிதம் ஆண்களின் அறையில், ஊசியும் நூலும் பெண்களின் அறையில். ஓர் உருவத்தின் பக்கங்களை ஒரே விகிதத்தில் பெருப்பித்தால் கோணம் மாறாது, பரப்பு அந்த விகிதத்தின் வர்க்கத்தால் கூடும் என்பது யூக்ளிட்டின் ஆறாம் புத்தகத்தில் இருக்கிறது. ஓர் அறையில் அதற்குப் பெயர் தேற்றம். மற்ற அறையில் சின்னப் படத்தைப் பார்த்துப் பெரிய தாளில் கட்டம் எண்ணினால், அதற்குப் பெயர் கைவேலை.

இன்றைக்கும் எங்கள் பாடத்திட்டத்தில் அளவிடைப் படமும் இயல்பொத்த முக்கோணிகளும் கணிதத்தில் வரும், உடுப்பு வெட்டுவது மனைப்பொருளியலில் வரும். இரண்டும் ஒன்று என்று எனக்கு ஒரு ரீச்சரும் சொன்னதில்லை.

பட்டமும் கப்பலும்

இதே கணக்கு பெடியளின் கையில் இருந்தால் ஊர் எப்படிப் பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உடுப்பிட்டியிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான் வல்வெட்டித்துறை. தைப்பொங்கலுக்கு அங்கே நடக்கிற பட்டப் போட்டியைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து சனம் வரும். சின்னதாக ஒன்று கட்டிப் பறக்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிதாகக் கட்டுவார்கள். நீள அகலத்தை இரட்டிப்பாக்கினால் ரிசுப் பேப்பர் இரண்டு மடங்கு போதாது, நாலு மடங்கு வேண்டும். மூங்கிலையும் அதே விகிதத்தில் நீளமாயும் தடிப்பாயும் எடுத்தால் அதன் பாரம் எட்டு மடங்காகும். காற்றுப் பிடிக்கும் பரப்பு நாலு மடங்கு, தூக்கவேண்டிய தடியின் பாரம் எட்டு மடங்கு. அதனால்தான் பெரிய பட்டத்துக்கு மூங்கிலை மெல்லிசாகச் சீவுகிறார்கள். சட்டையின் தோளைப்போல, பட்டத்தின் தடியையும் ஒரே மடங்கில் பெருப்பிக்கக் கூடாது. பட்டம் ஏறினதும் எல்லோரும் சொல்வது, "பெடியள் எஞ்சினியர்மார் மாதிரி."

அதே வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி, 89 அடி நீளக் கப்பல். வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது கடல் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டிய மேத்திரிமாரின் விகிதக் கணக்கை நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த பெயரில் ஒரு துண்டுகூட, பேப்பரில் கட்டம் கீறிய கைகளுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

இருநூறு, இருநூறு, நூற்றி இருபத்தேழு

எங்கள் ஒழுங்கையில் தையல் தைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறா. சாதாரண தரத்தில் இரண்டு தரம் எடுத்தும் கணிதம் சித்தியில்லை. அதோடு படிப்பை விட்டவ. கணக்கு என்ற பேச்சை எடுத்தாலே, "ஐயோ, எனக்குக் கணக்கு ஓடாது" என்று சிரிப்பா.

அவவிடம் பழைய சஞ்சிகை ஒன்றில் வந்த பிள்ளைச்சட்டைப் படம் ஒன்றைக் காட்டினேன். ஒரு கட்டம் ஓர் அங்குலம் என்று போட்டிருந்தது. அக்கா அடிமட்டம் வைத்துப் பார்த்தா. அச்சில் ஒரு கட்டம் 5 மில்லிமீற்றர்.

"இதைக் கீறிக்கொண்டிருக்கத் தேவையில்லை. போட்டோக்கொப்பிக் கடையில குடுத்து இருநூறில அடி. அதைத் திரும்ப இருநூறில அடி. பிறகு நூற்றி இருபத்தேழில அடி. ஒரு கட்டம் அங்குலமா வந்திட்டுதோ எண்டு அளந்து பார்."

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அதை 5ஆல் பிரித்தால் 5.08 மடங்கு. 2ஐ 2ஆல் பெருக்கி, அதை 1.27ஆல் பெருக்கினாலும் 5.08. அவ சதவீதங்களைக் கூட்டவில்லை, பெருக்கியிருக்கிறா. பரீட்சையில் எத்தனையோ பேர் கூட்டிப் பிழைவிடுகிற இடம் அது. முன்துண்டு அச்சில் 6 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். பெருப்பித்தால் 12 அங்குலம், 18 அங்குலம். ஏ3 தாளிலும் அடங்காது, துண்டு துண்டாக அடித்து ஒட்டவேண்டும். அதையும் அக்கா ஏற்கனவே சொல்லியிருந்தா.

அடுத்த நாள் போய், "அக்கா, நீங்கள் செய்தது விகிதம், அது கணக்குத்தான்" என்றேன். "அது கணக்கில்லை பிள்ளை, தையல்" என்றா. இருநூறு வருசத்துக்கு முந்திய இரண்டு வகுப்பறைகளும் அந்த ஒரு வசனத்தில் அப்படியே இருந்தன.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படியொரு அலுமாரி இருக்கும். பழைய பேப்பரில் வெட்டிய சட்டை, கட்டம் போட்ட தாள், ஓரத்தில் பென்சிலில் எழுதின அளவு. எலி வெட்டமுதல் எடுத்துப் பாருங்கள். யாருடைய கை, எந்த வருசம், யாருக்குத் தைத்த சட்டை என்று கேட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் கிடந்தவற்றை நான் போனில் படம் எடுத்துவிட்டேன். எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வைத்தேன்.