பாரிசில் பாகிஸ்தான் சாப்பாடும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் மூலக்குளம், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் பாரிஸ் போகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மகன் அண்மையில் போயிருக்கிறான். அவன் அறைக்குப் பக்கத்தில் கட்டுப்படியாகிற விலையில் சாப்பாடு போடும் கடை ஒரு பாகிஸ்தான்காரருடையதாம். அதைக் கேள்விப்பட்ட உறவுக்காரர் ஒருவர், "அந்தக் கடைப் பக்கமே போகக் கூடாது" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டார். "நீங்க சொல்லுங்க சார், பிள்ளை அங்க சாப்பிடலாமா?" என்று அவள் என்னைக் கேட்டாள். தாராளமாகச் சாப்பிடலாம் என்றேன். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

*நாம் எப்படிப் போனோம்?*

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டு அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. பள்ளியில் இந்த மூன்று தேதிகளையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். பாடத்தில் அதிகம் வராத ஒரு செய்தி உண்டு. அந்த ஒப்பந்தப்படி இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களுடைய பிள்ளைகள், பேரப் பிள்ளைகள்தான் இன்று பிரான்சில் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களில் பெரும்பகுதி.

இவர்களில் பலர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள். நாம் 'சொல்தா' என்று சொல்வோமே, அவர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்கள். மாதச் சம்பளம், பிறகு பென்ஷன், வீட்டில் மனைவி மக்கள் என்று அவர்கள் வாழ்க்கை ஓடியது. சாம்பாரும் மீன் குழம்பும் வீட்டு அடுப்பிலேயே கொதித்தன. வெளியே மலிவான சாப்பாட்டுக் கடை தேட வேண்டிய தேவை அவர்களுக்குக் குறைவு. அப்படி ஒரு கடையைத் திறக்க வேண்டிய தேவையும் குறைவுதான்.

*அவர்கள் எப்படி வந்தார்கள்?*

பிரான்சில் இருக்கும் பாகிஸ்தானியரில் பெரும்பாலோர் பஞ்சாப் மாகாணத்தின் குஜ்ராத், மண்டி பகாவுதீன் போன்ற மாவட்டங்களிலிருந்து போனவர்கள். (இந்தக் குஜ்ராத் வேறு, நம் குஜராத் மாநிலம் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1970களில்தான் அவர்கள் கணிசமாக வரத் தொடங்கினார்கள். 1974இல் பிரான்ஸ் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு வந்த பலர் காகிதம் இல்லாமல் மறைந்து வாழ்ந்தார்கள். 1981இல் மித்தரான் அதிபரானதும் அப்படி இருந்த பல நாட்டுத் தொழிலாளர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முறையான அனுமதி கிடைத்தது.

வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். கட்டட வேலை, தையல் வேலை, சந்தையில் மூட்டை தூக்கும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார்கள். ஓர் அறையில் நாலைந்து பேர் தங்கி, மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். இரவு எட்டு மணிக்கு வேலை விட்டு வருகிறவனுக்குச் சூடாக ரொட்டியும் பருப்பும் கறியும் வேண்டும். சமைக்கத் தெரிந்தவர் கடை போட்டார்.

இது நமக்குத் தெரியாத கதையா? சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் இருப்பதால்தான் மெஸ்கள் இருக்கின்றன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவன் இருக்கும் இடத்தில் மலிவான நல்ல சாப்பாடு இருக்கும். அவன் தினமும் வருகிறவன். ஒரு நாள் ஏமாற்றினால் மறுநாள் அடுத்த கடைக்குப் போய்விடுவான். லண்டன் வொயிட்சேப்பலில் 1972இல் சிறு கடையாகத் தொடங்கிய 'தய்யாப்ஸ்' இன்று பேர்பெற்ற பாகிஸ்தானி உணவகம். அது இருக்கும் பகுதியும் ஒரு காலத்தில் துணி தைக்கும் பட்டறைகள் நிறைந்த தொழிலாளர் பகுதிதான்.

*பாசாஜ் பிராடி*

பாரிஸ் 10ஆம் வட்டாரத்தில், ஷாத்தோ தோ மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பழைய கடைச்சந்து இருக்கிறது. பெயர் பாசாஜ் பிராடி. 1828இல் கட்டியது. 1970களின் தொடக்கத்தில் அங்கே மசாலா மணத்தைக் கொண்டுவந்தவர் பொன்னுசாமி என்ற நம் புதுச்சேரிக்காரர். அவருக்குப் பின் வட இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், மொரீஷியஸ்காரர் என்று பலரும் வந்தார்கள். இரண்டு பக்கமும் உணவகங்களும் மளிகைக் கடைகளுமாக அது 'குட்டி இந்தியா' என்றே பெயர் வாங்கிவிட்டது.

நடத்துகிறவர் பாகிஸ்தானியராக இருந்தாலும் பெயர்ப்பலகையில் 'இந்திய உணவகம்' என்றோ 'இந்தோ-பாகிஸ்தானி' என்றோ எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரருக்கு 'இந்தியா' என்றால் உடனே விளங்கும் என்பதுதான் காரணம். இங்கிலாந்தில் 'இந்தியன்' என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலானவற்றை வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள் நடத்தியதும் இதே கணக்கில்தான். ஷாலிமார் என்று ஒரு பெயர் வைத்தால் போதும். ஷாலிமார் தோட்டம் லாகூரிலும் உண்டு, ஸ்ரீநகரிலும் உண்டு. யாரும் சண்டைக்கு வர முடியாது!

*எல்லை தாண்டியது யார்?*

இனி அந்த உறவுக்காரருக்கு என் பதில். அவர் தந்தூரி சிக்கன் சாப்பிடாதவர் அல்லர். விழுப்புரம் சாலையில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார். அந்தத் தந்தூரி சிக்கன் எங்கிருந்து வந்தது?

குந்தன் லால் குஜ்ரால் பெஷாவர் நகரத்து உணவகம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1947 பிரிவினையில் பெஷாவர் பாகிஸ்தானுக்குப் போனது. அகதியாக டெல்லிக்கு வந்த அவரும் கூட்டாளிகளும் தரியாகஞ்சில் 'மோத்தி மகால்' என்ற உணவகத்தைத் தொடங்கினார்கள். தந்தூரி சிக்கனை நாடு முழுக்கப் பிரபலமாக்கியது அந்தக் கடைதான். பட்டர் சிக்கனும் அங்கே பிறந்தது என்பார்கள். அதைக் கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்று அந்தக் கூட்டாளிகளின் வாரிசுகள் 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போய்விட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் இப்படித்தான். பாகிஸ்தானின் தேசிய உணவு போலப் பேசப்படுகிற நிஹாரி, பழைய டெல்லியின் உணவு. 'நஹார்' என்றால் அரபியில் பகல் பொழுது. இரவு முழுக்கச் சிறு தீயில் வெந்து காலையில் பரிமாறப்படும் இறைச்சிக் குழம்பு அது. பிரிவினையில் டெல்லியிலிருந்து கராச்சிக்குப் போன முஸ்லிம் குடும்பங்கள் அதைக் கூடவே கொண்டுபோயின. கராச்சி பர்ன்ஸ் சாலையில் இன்றும் டெல்லிப் பாணி நிஹாரிக்குக் கூட்டம் நிற்கிறது.

ஆக, பெஷாவர் அடுப்பு டெல்லிக்கு வந்தது. டெல்லிச் சட்டி கராச்சிக்குப் போனது. சுமந்தவர்கள் இரண்டு பக்கமும் வீடு இழந்தவர்கள். எல்லையில் உயிர் கொடுத்தவர்களின் குடும்பத்து வலியையும், குண்டுவெடிப்புகளில் சொந்தங்களை இழந்தவர்களின் வலியையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பாரிசில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் மண்டி பகாவுதீன்காரர் அந்தப் போர்களை நடத்தியவர் அல்லர். நம் பிள்ளையைப் போலவே பிழைக்கப் போனவர்.

*நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?*

பாரிசில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

1. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் கடை வேண்டாம். வெள்ளைத் துணி விரித்த மேசையும் வேண்டாம். டாக்ஸி ஓட்டுகிறவர்களும் கட்டட வேலைக்காரர்களும் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

2. பல கடைகளில் இரண்டு வகைச் சமையல் நடக்கும். பாலாடை ஊற்றிக் காரம் குறைத்தது, பாலாடைக்கட்டி வைத்த நான் ரொட்டி இவை பிரெஞ்சு வாடிக்கையாளருக்கு. கடாய் கோழி, நிஹாரி, ஹலீம், உளுந்துப் பருப்பு இவை தங்கள் ஆட்களுக்கு. இரண்டாவதைக் கேளுங்கள்.

3. கடாய் கோழியில் தக்காளி, இஞ்சி, பச்சை மிளகாய் மூன்றும் தூக்கலாகத் தெரிய வேண்டும். கேட்ட பிறகு செய்து தருகிற கடை நல்ல கடை. கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

4. நிஹாரி பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்வது. சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

5. இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கும், கையில் காசு குறைந்த மாதக் கடைசிக்கும், 'மாஷ் தால்' உண்டு. வேறொன்றுமில்லை, நம் இட்லிக்குப் போடும் வெள்ளை உளுந்துதான். அரைக்காமல் உதிரியாக வேகவைத்து, வெங்காயம், இஞ்சி, மிளகாய் தாளித்துக் கொடுப்பார்கள். சூடான ரொட்டியோடு வயிறு நிறையும்.

இப்படிப்பட்ட கடைகளில் பத்து, பன்னிரண்டு யூரோவுக்குள் ஒருவர் நிறைவாகச் சாப்பிட்டு எழுந்திருக்கலாம் என்கிறார்கள். பாரிசில் அது பெரிய விஷயம்.

*ஒரே தெரு*

பாசாஜ் பிராடியின் ஒரு வாசல் ஃபோபூர் சேன்-தெனி தெருவில் திறக்கிறது. அந்தத் தெருவிலேயே வடக்கு நோக்கி, கார் து நோர் ரயில் நிலையத்தையும் தாண்டி நடந்தால் லா சப்பேல் வந்துவிடும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. அங்கே கொத்து ரொட்டியும் தோசையும் கிடைக்கும், தமிழில் பெயர்ப்பலகைகள் இருக்கும், ஆண்டுதோறும் பிள்ளையார் தேர் ஓடும். தெருவின் முழு நீளமே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான்.

குடியுரிமைக் காகிதத்தோடு போன புதுச்சேரிக்காரர், கூலி வேலைக்குப் போன பஞ்சாபி, உயிர் பிழைக்கப் போன ஈழத்தமிழர் ஆகிய மூவரின் உணவும் ஒரே தெருவில் கிடைக்கிறது. மூவரும் வெவ்வேறு வழியில் போனவர்கள். மூவருக்கும் பின்னால் ஓர் அரசாங்கம் வரைந்த கோடு இருக்கிறது: 1947இன் கோடு, 1956இன் கையெழுத்து, 1983இன் தீ.

பிள்ளைகளே, வெளியூரில் பசித்தால் நல்ல கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பாடு போடுகிறவரின் ஊரைக் கேளுங்கள், உங்கள் ஊரைச் சொல்லுங்கள். புதுச்சேரி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாவிட்டால் விளக்குங்கள்.

நம் ஊரில் இருக்கும் சொல்தா குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதன்முதலில் பாரிஸ் போனபோது நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள், அரிசியும் புளியும் எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பேரப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத் தேதிகளைப் பாடப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். இதை நீங்கள் சொன்னால்தான் உண்டு.