அப்பாவின் உயிலும் 1870-ம் வருஷத்துச் சட்டமும்

2005-ல் மாட்டுங்காவில் என் தகப்பனார் காலமானபோது, அவர் எழுதிய உயில் பீரோவில் இருந்தது. வெள்ளைத்தாள், இரண்டு சாட்சிகள், முத்திரைத்தாள்கூட வேண்டியதில்லை. செலவு பிறகுதான் வந்தது. ஹைகோர்ட்டில் ப்ரொபேட் வாங்கணும் என்றார் வக்கீல். கோர்ட்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 75,000 ரூபாய். அவர் ஃபீஸ் தனி. டெல்லி வீட்டுக்கு சித்தப்பா டெல்லியிலேயே எழுதிவைத்த உயிலுக்கோ இந்தத் தொல்லை இல்லை.

காரணம், 1870-ம் வருஷத்து ஹிந்து உயில் சட்டம். வெள்ளைக்காரன் அதை வங்காள லெப்டினன்ட் கவர்னரின் பகுதிக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டுமே கொண்டுவந்தான். 1925-ம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டமும் 213-ம் பிரிவில் அந்தப் பழைய எல்லையையே வைத்துக்கொண்டது. தேசம் விடுதலையானபிறகும் கோடு அழியவில்லை!

எங்களுக்கு இன்னொரு சங்கடம். அப்பா எக்ஸிக்யூட்டராகப் போட்டிருந்தது தம் வயது சிநேகிதரை. அவர் முன்னமே போய்விட்டார். மாற்றுப் பெயர் எழுதவில்லை. ஆகவே ப்ரொபேட்டுக்குப் பதில், உயிலை இணைத்து நிர்வாக உத்தரவு கேட்கவேண்டி வந்தது. வாரிசுகள் எல்லோருடைய சம்மதப் பத்திரமும் வேண்டும் என்றார்கள். ஆறு வருஷமாகப் பேசாமலிருந்த தங்கையின் வாசலில் போய் நின்றேன். காபி கொடுத்தாள், கையெழுத்தும் போட்டாள்.

2025 டிசம்பரில் பார்லிமெண்ட் 213-ம் பிரிவையே நீக்கிவிட்டது. என் உயிலில் எக்ஸிக்யூட்டர் தங்கையின் பெண். அவளுக்கு 34 வயது. அவளுக்கு அடுத்து ஒரு பெயரும் எழுதியிருக்கிறேன்.