அடுப்புப் புகையும் தலைக்கணக்கும்

1990-ஆம் ஆண்டு, வாஷிங்டனிலிருந்து இயங்கும் உலக வள நிறுவனம் தன் ‘உலக வளங்கள்’ அறிக்கையை வெளியிட்டது. புவி வெப்பமாதலுக்கு எந்த நாடு எவ்வளவு காரணம் என்று வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று அதில் இருந்தது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரேசில், சீனா ஆகியவற்றை அடுத்து ஐந்தாம் இடத்தில் இந்தியா நின்றது. அடுத்த ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 42 வீடுகளில்தான் மின்விளக்கு எரிந்தது. பெரும்பாலான அடுப்புகளில் விறகும் வறட்டியும் சுள்ளியுமே எரிபொருள். அப்படிப்பட்ட நாடு உலகைச் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளுள் ஒன்றானது எப்படி என்ற கேள்வியிலிருந்துதான், காலநிலைப் பொறுப்பு குறித்த இந்தியச் சிந்தனையின் நவீன வரலாறு தொடங்குகிறது.

விடையின் ஒரு பகுதி நெல்வயலில் இருந்தது. தேங்கி நிற்கும் நீருக்கடியில், உயிர்வளி எட்டாத சேற்றில், மட்கும் தாவரப் பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது மீத்தேன் உருவாகிறது. அசைபோடும் மாட்டின் இரைப்பையிலும் அதுவே நிகழ்கிறது. உலகின் மிகப்பெரிய நெற்பரப்பும் மிகப்பெரிய மாட்டுக்கூட்டமும் கொண்ட நாடுகளுள் இந்தியா ஒன்று. ஆகவே உழவனின் வயலும் அவன் ஏர்மாடும் குற்றப்பத்திரிகையில் ஏறின. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.7 கோடி டன்னுக்கும் மேல் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அன்றைய மதிப்பீடு கூறியது. மேலைநாட்டு வயல்களில் எடுத்த அளவுகளை இந்தியப் பரப்பால் பெருக்கி வந்த எண் அது.

இந்த எண்ணைச் சோதித்துப் பார்க்க தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்வந்தது. வானின் அயனி மண்டலத்தை ஆராய்ந்து பெயர் பெற்ற இயற்பியலாளர் ஏ. பி. மித்ரா இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1991-இல் பல ஆய்வு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் வயல்களுக்கே சென்று, பயிரின் மேல் பெட்டிகளைக் கவிழ்த்து, அவற்றுள் சேரும் வாயுவை அளந்தன. கிடைத்த தொகை ஏறத்தாழ 40 லட்சம் டன். முன்னர்ச் சொல்லப்பட்டதில் அது சுமார் பத்தில் ஒரு பங்கு. காரணம் உழவர்கள் அறியாததன்று. இந்திய நெற்பரப்பில் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் நீரில் மூழ்கிக் கிடப்பதில்லை. மழையை நம்பிய வயல்கள் இடையிடையே காய்ந்து வெடிக்கும். அப்போது மண்ணுக்குள் காற்று புகுந்து மீத்தேன் உருவாவதைத் தடுக்கும். தமிழக உழவர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்லும் முறையில் நிகழ்வதும் அதுவே. வயலில் இறங்காமல் போட்ட கணக்கு ஒரு நாட்டின் மீதான பழியைப் பன்மடங்காக்க முடியும் என்பது அன்று தெளிவாயிற்று.

அதே 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ‘சமமற்ற உலகில் புவி வெப்பமாதல்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை வெளியிட்டனர். கான்பூர் ஐஐடியில் பொறியியல் பயின்று இதழாளராகி, 1980-இல் தில்லியில் அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தை நிறுவியவர் அகர்வால். உலக வள நிறுவனத்தின் எண்களைவிட, அவை கூட்டிக் கழிக்கப்பட்ட முறையையே நூல் முதன்மையாகத் தாக்கியது. கடலும் காடும் மண்ணும் ஆண்டுதோறும் மனிதன் வெளியிடும் வாயுக்களில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த உறிஞ்சும் திறனை நாடுகளுக்குப் பங்கிடும்போது, எவர் அதிகம் உமிழ்கிறாரோ அவருக்கு அதிகப் பங்கு என்ற வகையில் அறிக்கை கணக்கிட்டிருந்தது. கடல் எவருக்கும் தனியுரிமையானதன்று. அதன் பங்கைத் தலைக்கு இவ்வளவு என்றுதான் பிரிக்க வேண்டும் என்றனர் இருவரும். உலக மக்கள்தொகையில் சுமார் 16 சதவீதத்தைக் கொண்டிருந்த இந்தியாவுக்கு அப்படிப் பங்கிட்டால், அதன் உமிழ்வு இயற்கை உறிஞ்சும் அளவுக்குள்ளேயே அடங்கிவிடும்.

நூலில் இன்னொரு வாதமும் இருந்தது. எல்லா உமிழ்வும் ஒரே தன்மையுடையதன்று என்பது அது. வங்காளத்துச் சிறு உழவன் தன் வயிற்றுக்காக விளைவிக்கும் நெல்லிலிருந்து எழும் வாயுவையும், எரிபொருளைக் குடித்தோடும் சொகுசுக் காரின் புகையையும் ஒரே தராசில் வைக்கலாகுமா என்று அது கேட்டது. உயிர் பிழைப்பதற்கான உமிழ்வு, வசதிக்கான உமிழ்வு என்ற இந்தப் பாகுபாட்டை அமெரிக்க மெய்யியலாளர் ஹென்றி ஷூ 1993-இல் அறவியல் நோக்கில் விரித்தெழுதினார். பின்னாளில் அதிகம் மறக்கப்பட்ட ஒரு நுட்பம் இங்கே உண்டு. அகர்வாலும் நாராயணும் காரைப் பற்றிப் பேசியபோது ஐரோப்பிய, வட அமெரிக்கக் கார்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மூன்றாம் உலகில் ஓடும் காரையும் அதே வரியில் சேர்த்தே சொன்னார்கள். அவர்கள் வரைந்த கோடு நாடுகளுக்கு இடையே மட்டும் ஓடியதன்று. தேவைக்கும் வசதிக்கும் இடையே, ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் அது ஓடியது.

இந்திய அரசு அந்தக் கோட்டின் முதல் பகுதியை உறுதியாகப் பற்றிக்கொண்டது. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட காலநிலை உடன்படிக்கையில், பொறுப்பு எல்லாருக்கும் பொதுவானது, ஆயினும் அளவில் வேறுபட்டது என்ற கோட்பாடு இடம்பெற்றது. அதற்காக வாதிட்ட நாடுகளின் முன்னணியில் இந்தியா இருந்தது. 2007-இல் ஜெர்மனியின் ஹைலிகன்டாமில் நடந்த ஜி-8 கூட்டத்தையொட்டி, இந்தியாவின் தலா உமிழ்வு வளர்ந்த நாடுகளின் சராசரியை ஒருபோதும் தாண்டாது என்று பிரதமர் மன்மோகன் சிங் வாக்களித்தார். மறுஆண்டு வெளியான தேசியக் காலநிலைச் செயல்திட்டமும் அந்த வாக்குறுதியை அடித்தளமாகக் கொண்டது. இந்த நிலைப்பாடு நியாயமானது. இன்றும் ஓர் இந்தியரின் தலா கரியமில வாயு உமிழ்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். உலகச் சராசரி அதைப்போல் இருமடங்குக்கும் மேல். அமெரிக்கரின் அளவு அதைப்போல் ஏழு மடங்கு.

கோட்டின் இரண்டாம் பகுதியைத் தாமே கையிலெடுத்தவர் அகர்வால். 1996-இல் அவருடைய மையம் இந்திய நகரங்களின் வாகனப் புகையைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மெதுவாக நிகழும் கொலை என்பதே அதன் தலைப்பின் பொருள். உலக அரங்கில் இந்திய ஏழைக்காக வழக்காடிய அதே மனிதர், தில்லியின் டீசல் புகைக்காக இந்திய எண்ணெய் நிறுவனங்களையும் வாகனத் தொழிலையும் அரசையும் கேள்வி கேட்டார். 1985-இல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், தலைநகரின் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிமன்றத்துக்குப் பரிந்துரை வழங்கிய சுற்றுச்சூழல் ஆணையத்தில் அகர்வாலும் உறுப்பினர். புற்றுநோயோடு போராடியபடியே அப்பணியைத் தொடர்ந்த அவர், 2002 ஜனவரி 2-இல் காலமானார். அவ்வாண்டின் இறுதிக்குள் தில்லி நகரப் பேருந்துகளில் டீசல் விடைபெற்றது. வெளியுலகுக்கு எதிரான வாதமும் உள்நாட்டின் மீதான விமர்சனமும் ஒரே மனத்தில் முரணின்றி வாழ முடியும் என்பதற்கு அவருடைய பத்தாண்டுப் பணி சான்று.

எல்லாருக்கும் அப்படி முடியவில்லை. 1999-இன் தொடக்கத்தில் பன்னாட்டு அறிவியலாளர்கள் விமானங்களும் கப்பல்களும் கொண்டு இந்தியப் பெருங்கடலின் மேலான காற்றை ஆராய்ந்தனர். அதை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் வீ. இராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். இளமையில் செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கு அறிமுகமான குளிரூட்டும் வாயு வகையே ஒவ்வொரு மூலக்கூறளவிலும் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று பின்னர் 1975-இல் உலகுக்குக் காட்டியவர். தெற்காசியாவின் மீது சுமார் 3 கிலோமீட்டர் தடிப்பில் பழுப்பு நிறப் புகைமூட்டம் பரவியிருப்பதை அந்த ஆய்வு பதிவு செய்தது. 2002-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அதை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்று பெயரிட்டு அறிவித்தபோது இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜெ. சீனிவாசன், சுலோசனா காட்கில் ஆகியோர் அறிக்கையின் அறிவியல் முடிவுகள் சிலவற்றை வன்மையாக மறுத்தனர். ஆசியாவின் பெயர் பின்னர் நீக்கப்பட்டது.

பெயர்ச் சண்டையில் பின்னுக்குத் தள்ளப்பட்டது அந்த மேகத்துக்குக் கீழே இருந்த அடுப்பு. மேகத்தில் கலந்திருந்த கரித்துகளில் ஒரு பங்கு விறகடுப்பிலிருந்து வந்தது. ஏழையின் அடுப்பைக் குற்றம் சாட்டுவதா என்ற கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மேகம் உலகுக்குத் தீங்கு செய்யும் முன்பே அடுப்புக்கு முன் குனிந்திருந்த பெண்ணின் நுரையீரலை அது அரித்துக்கொண்டிருந்தது. கிர்க் ஸ்மித் 1980-களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்து காட்டியிருந்தார். 1980-களில் தொடங்கிய புகையில்லா அடுப்புத் திட்டம் கோடிக்கணக்கான அடுப்புகளை நிறுவியது. பல சில ஆண்டுகளில் உடைந்தன. 2002-இல் அத்திட்டத்தை நடுவண் அரசு கைவிட்டது. 2016 மே 1-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயு இணைப்பைக் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தூய எரிபொருளில் சமைத்த வீடுகள் நூற்றுக்கு 59 மட்டுமே, கிராமங்களில் 43. இணைப்பு இருந்தும் உருளையை மீண்டும் நிரப்பப் பணமில்லாத வீடுகளில் விறகு போகவில்லை. வீட்டுப் புகையால் 2019-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 6 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

இந்தப் பெண்ணைச் சேர்த்துத்தான் இந்தியாவின் தலாக் கணக்கு தாழ்வாக இருக்கிறது. 2007-இல், பிரதமர் வாக்களித்த அதே ஆண்டில், கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு இதைச் சுட்டிக்காட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. வசதி படைத்தோர் ஏழையின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. வீட்டு எரிசக்தியையும் போக்குவரத்தையும் கொண்டு பார்த்தபோது, மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் ஈட்டிய பிரிவினர் 3,000 ரூபாய்க்குக் கீழ் ஈட்டியோரைவிட 4.5 மடங்கு உமிழ்ந்தனர். அந்த மேல்பிரிவினரின் அளவும் அன்றைய உலகச் சராசரிக்குக் கீழேயே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் நிலை மாறிவிட்டது. 2022 உலகச் சமத்துவமின்மை அறிக்கையின்படி, நுகர்வு, முதலீடு அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தியரில் கீழ்ப்பாதியினரின் தலா உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 1 டன். மேல் பத்து சதவீதத்தினரின் அளவு ஏறத்தாழ 9 டன். மேல்தட்டு உலகச் சராசரியைக் கடந்துவிட்டது. நாட்டின் சராசரி அதை வெளியே தெரியவிடுவதில்லை.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியாக்குவதாக அறிவித்த பிரதமர் நரேந்திர மோடி, சுற்றுச்சூழலுக்கு இயைந்த வாழ்க்கைமுறையை ஓர் இயக்கமாக்கவும் அழைப்பு விடுத்தார். 2022 அக்டோபரில் அவ்வியக்கம் முறையாகத் தொடங்கியது. விளக்கை அணைப்பது, துணிப்பை எடுத்துச் செல்வது, பேருந்தில் ஏறுவது போன்ற அன்றாடச் செயல்களை அது வலியுறுத்துகிறது. நல்ல பழக்கங்களே. எனினும் இந்த அழைப்பு எல்லாரையும் ஒரே குரலில் விளிக்கிறது. பழைய துணியைப் பையாகத் தைப்பவர்க்கும், பேருந்தைத் தவிர வேறு வழியற்றவர்க்கும், ஒரே மின்விசிறியின் கீழ் ஐந்து பேர் உறங்கும் வீட்டுக்கும் சிக்கனத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது மேலும் ஒரு மின்விசிறியும், நிரம்பிய எரிவாயு உருளையும். அதனால் கூடும் உமிழ்வு, 1991-இன் அந்தச் சிறுநூல் சொன்ன பிழைப்புக்கான உமிழ்வு.

மறுபுறத்தில் இருப்போரின் பழக்கத்தை மாற்றியது எது என்பதற்கும் இந்த முப்பதாண்டு வரலாற்றில் விடை உண்டு. தில்லிப் பேருந்துகளை மாற்றியது நீதிமன்ற ஆணை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் மொத்தக் கொள்முதலால் எல்இடி விளக்கின் விலையை வீழ்த்தி, 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகளை வீடுகளில் சேர்த்தது. 2020 ஜனவரி முதல் அறைக் குளிரூட்டிகள் 24 டிகிரி செல்சியஸில் தாமாகத் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விலை, விதி, ஆணை ஆகிய மூன்றும் செய்ததை வேண்டுகோள் தனியே செய்ததாகச் சான்றில்லை.

1990-இல் நெல்வயலை அளக்காமலேயே இந்தியாமீது பழி சுமத்தப்பட்டது. அதை வயலில் இறங்கி அளந்தே இந்திய அறிவியல் மறுத்தது. அதே நேர்மை உள்நாட்டுக் கணக்குக்கும் பொருந்தும். உலக அவையில் தலைக்கணக்கைக் கேட்கும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அந்தக் கணக்கைத் தன் ஊர்களுக்குள்ளும் தெருக்களுக்குள்ளும் போட்டுப் பார்க்கும் கடமையும் அவ்வுரிமையோடு சேர்ந்தே வருகிறது. விறகடுப்பின் முன் அமர்ந்திருக்கும் பெண் இந்த நாட்டின் சராசரியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாழ்த்திக் கொடுத்திருக்கிறாள். அதற்கு ஈடாக அவளுக்குத் தர வேண்டியது இன்னும் பாக்கியிருக்கிறது.